மூன்று தரம் வந்து சொன்னேன்

பதினோராம் தாளைத் திருப்பியே பார்த்திருக்கக் கூடாது என்று பிற்பாடு ஊரே சொன்னது. தேவிப்ரியாவுக்குக் கொடுத்திருந்த வேலை முன்பக்கத்தைத் தூரிகையால் துடைப்பது, ஸ்கேன் எடுப்பது, எண் போட்டு பசை தடவுகிறவரிடம் நீட்டுவது. அவ்வளவுதான். பின்பக்கத்தைப் பார் என்று யாரும் சொல்லவில்லை. பார்க்காதே என்றும் சொல்லவில்லை. எம்.ஏ. வரலாறு படித்தவளின் கை சும்மா இருக்குமா? திருப்பினாள்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது தியாகி சிவக்கொழுந்தனார் நினைவு இல்லம். வெள்ளைக்காரன் காலத்தில் நாலு தடவை ஜெயிலுக்குப் போனவர். சொந்த நிலத்தையெல்லாம் நிலமில்லாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தவர். ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு ஆசிரமம் கட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். இந்தப் பக்கத்தில் அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், ஐயா என்றால் போதும். அண்ணாமலையாருக்கு அடுத்தபடி ஐயா என்று பேசுகிற கிழடுகள் இன்னும் இருக்கிறார்கள். அவர் 1955 தை மாதம் ஆற்றிய ‘மௌனம்’ என்ற உரை ரொம்பப் பிரசித்தம். அதை அவரே பேனாவால் எழுதிய பதினாலு தாள் எழுபது வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டாக இருந்தது. வருஷா வருஷம் நினைவு நாளில் பெட்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவார்கள். திறந்து பார்த்தவர்கள் கிடையாது. சாமியைத் திறந்தா பார்ப்பார்கள்?

நாளைக்கு அமைச்சர் வருகிறார். பதினாலு தாளையும் அட்டையில் ஒட்டி, சட்டம் போட்டு, சுவரில் வரிசையாக மாட்ட வேண்டும். அதற்கு ஆவணக் காப்பகத்து ஆட்களைக் கூப்பிட்டால் ஆறு மாதம் ஆகும் என்று, பெரிய கோயில் பக்கம் சாமி படத்துக்குச் சட்டம் போடும் சரவணகுமாரைக் கூட்டி வந்திருந்தார்கள். மைதா மாவில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசை ஒரு அலுமினியச் சட்டி நிறைய இருந்தது.

"இது காஞ்சிடுச்சுன்னா அண்ணாமலையாரே வந்தாலும் பிரிக்க முடியாது மேடம்" என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு மணி நேரம். அதுக்கப்புறம் தாளும் அட்டையும் புருஷன் பொண்டாட்டி. பிரிச்சா ரெண்டும் நாசம்."

தாள்கள் எல்லாம் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்தவை. ஐயா புதுக் காகிதத்தைத் தொட மாட்டார், பிள்ளைகள் எழுதி முடித்த தாளின் மறுபக்கத்தில்தான் எழுதுவார் என்பது நினைவு இல்லத்தை நடத்தும் அறக்கட்டளை போட்ட சிறு புத்தகத்திலேயே இருக்கிறது. சிக்கனத்துக்கு எடுத்துக்காட்டு என்று ஒவ்வொரு பேச்சாளரும் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்கள். கைதட்டியவர்களில் ஒருத்தருக்குக்கூட, அந்தப் பிள்ளைகள் அப்படி என்னதான் எழுதியிருந்தார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை.

பதினோராம் தாளின் பின்பக்கத்தில் பென்சில் எழுத்து. அழுத்தி அழுத்தி எழுதி, சில இடத்தில் தாள் பொத்தலாகியிருந்தது.

*ஐயா அவர்களுக்கு நமஸ்காரம். இன்றோடு அறுபது நாள் ஆகிறது. நான் பேசலாமா. நான் பொய் சொல்லவில்லை. பூங்காவனத்துக்கு மூச்சு விட முடியவில்லை என்று மூன்று தரம் வந்து சொன்னேன். தாங்கள் கழுத்தில் ஈர மண்பட்டி போடச் சொன்னீர்கள். போட்டேன். ஊசி போடும் கம்பவுண்டர் வந்து வாசலில் நின்றார். தாங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதை நான் கதவுக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். அதைத்தான் அம்மாவிடம் சொன்னேன். இப்படிக்கு ராஜம்மாள்.*

அதற்குக் கீழே, முன்பக்கத்தில் இருந்த அதே முத்து முத்தான கையெழுத்தில், பேனா மையில் ஒரு வரி.

*மனம் இன்னும் அடங்கவில்லை. மேலும் நாற்பது நாள்.*

தேவிப்ரியா அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தாள். மீதித் தாள்களையும் திருப்பினாள். ஆறு தாளில் கணக்கும் வாய்ப்பாடும். எட்டுத் தாளில் ராஜம்மாள்.

ராஜம்மாளை இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. ஐயாவின் புகழ்பெற்ற போட்டோவில் அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பெண். ஐயாமேல் கொண்ட பக்தியால் பதினைந்து வயதில் தானாகவே மௌன விரதம் ஏற்றுப் பன்னிரண்டு வருஷம் காத்தவள் என்பது கதை. விரதம் முடிந்த நாளில் பேசு என்றார்களாம், அவள் பேசவில்லையாம். அப்புறம் சாகும்வரை பேசவில்லை. தேவிப்ரியா மூணாம் வகுப்பு படிக்கும்போது ஆசிரமத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அந்தக் கிழவியைப் பார்த்திருக்கிறாள். தெருக்காரர்களும் பௌர்ணமிக்கு வருகிறவர்களும் அவள் காலில் விழுந்து கும்பிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் "ஊமச்சி, ஊமச்சி" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். தேவிப்ரியாவும் கத்தியிருக்கிறாள்.

பூங்காவனம் யார் என்பதும் தெரியும். ராஜம்மாளின் தங்கை, ஒன்பது வயது. 1954 ஐப்பசியில் தொண்டை அடைப்பான் வந்து ஆசிரமத்தில் செத்துப்போன பிள்ளை. அந்தப் பிள்ளைக்காக ஐயா மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்தார். "யார் பெற்ற பிள்ளைக்கோ பட்டினி கிடந்த மகான்" என்று தேவிப்ரியாவே ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் பேசி ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறாள்.

"சரவணகுமாரண்ணா, பசையை எடுத்து அந்தாண்ட வைங்க."

"ஏன் மேடம், ரெண்டு தாள் ஒட்டிட்டா டீ குடிக்கலாம்னு பாத்தேன்."

"டீ குடிச்சிட்டு வாங்க. செயலாளர் வரட்டும்."

---

செயலாளர் கோதண்டராமன் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கையில் வாங்கினால் முதலில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் கண். விழாவுக்கு அழைப்பிதழ் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் தாள்களைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, பதினொரு மணி ஆச்சு, ஒண்ணுகூட ஒட்டலையா? காத்தாலேருந்து என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"சார், இதைப் படிங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். எட்டையும் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. படித்து முடித்ததும் தாள்களைத் தட்டி விளிம்பு சேர்த்து, முன்பக்கம் மேலே வரும்படி மேசையில் வைத்தார். அதைப் பார்த்ததுமே தேவிப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சின்னப் பொண்ணு. தங்கச்சி செத்த துக்கம். என்னமோ எழுதியிருக்கு" என்றார்.

"ஐயா பதில் எழுதியிருக்காரே சார். அவருக்கு என்ன துக்கம்?"

"வாயை அளந்து பேசும்மா."

"சார், அந்தப் பொண்ணு பேச அனுமதி குடுங்கன்னு கேட்டு எழுதின தாளுக்குப் பின்னாடியே உக்காந்து, மௌனம் எவ்வளவு உயர்ந்ததுன்னு பதினாலு பக்கம் எழுதியிருக்கார். காகிதத்தை வீணாக்கக் கூடாதுன்னு எழுதினார். அதனாலதான் மாட்டிக்கிட்டார். எரிச்சிருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது."

கோதண்டராமன் கதவுப் பக்கம் பார்த்தார். பௌர்ணமி நாள். பகலிலேயே கிரிவலம் கிளம்பியவர்கள் ரெண்டு மூணு பேராக உள்ளே வந்து ஐயா படத்தைக் கும்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே கொஞ்சம் நின்று போய்க்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் காலத்துல ஊசின்னா ஜனங்களுக்கே பயம். இயற்கை வைத்தியத்தை நம்பினவர் அவர். தப்புன்னே வெச்சுக்கோ. நல்ல எண்ணத்துல நடந்த தப்பு. அதுக்குத்தான் மூணு நாள் பட்டினி கிடந்தாரே."

"அவர் மூணு நாள் வாயைக் கட்டினார். அவளுக்குப் பன்னெண்டு வருஷம் கட்டினார். தப்பு பண்ணினது யாரு சார்?"

"இப்ப உனக்கு என்ன வேணும்?"

"ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டு நடுவுல நிறுத்தலாம். எல்லாரும் ரெண்டு பக்கமும் படிக்கட்டும். அது முடியலைன்னா ஒட்டாம வைங்க. பெட்டிக்குள்ளயே இருக்கட்டும். ஒட்டாதீங்க, அவ்வளவுதான்."

"நீதான் போன்ல எடுத்திருப்பியே, போதாதா?"

எடுத்திருந்தாள். அதை மறைக்கவும் இல்லை. கோதண்டராமன் முதல் தடவையாகச் சிரித்தார்.

"போன் படத்தை எவன் நம்புவான்? இன்னைக்கு யாரு மூஞ்சியை வேணும்னாலும் யாரு உடம்புல வேணும்னாலும் ஒட்டுறானுங்க. அசல் இல்லாத நகலுக்கு மதிப்பு கிடையாதும்மா. முப்பத்தாறு வருஷம் பதிவு ஆபீஸ்ல இருந்தவன் சொல்றேன். நாலு மணிக்குள்ள ஒட்டி முடிக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "நாளைக்கு மேடையில உனக்குக் காப்பாளர் வேலைக்கான உத்தரவைக் குடுக்கிறதா இருக்கு. அமைச்சர் கையால. உங்க கட்டளைத் தெருவுல முதல் பட்டதாரி, ஐயா உதவித்தொகையில படிச்ச பொண்ணுன்னு பேப்பர்ல போடப் போறான். நல்லா யோசி. எதுக்கும் உங்க அப்பாவுக்கு ஒரு போன் பண்றேன்."

மிரட்டுகிற மாதிரியே இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

---

அப்பா சகாதேவன் வருவதற்கு வெகுநேரம் ஆகவில்லை. பாதையில் நாலு கட்டடம் தள்ளித்தான் பௌர்ணமிக்கு இளநீர் போட்டிருந்தார். செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஐயா படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் மகளைப் பார்த்தார். "வெளிய வா" என்று கண்ணால் காட்டினார்.

பின்கட்டில் பழைய கிணற்றோரம் நின்றார்கள். அவர் கையில் இளநீர் வெட்டின பிசுபிசுப்பு இன்னும் இருந்தது.

"இன்னாம்மா தகராறு? சார் போன்ல ஒரு மாதிரி பேசறாரு. ஐயாவைப் பத்தித் தப்பா பேசினியாமே?"

"நான் பேசலைப்பா. ராஜம்மாள் பேசுது. இந்தா, கேளு."

பதினோராம் தாளை அவள் கையோடு எடுத்து வந்திருந்தாள். சகாதேவன் ரெண்டாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர். எழுத்துக் கூட்டிப் பேருந்தில் ஊர்ப் பெயர் படிப்பார். அவள் படித்தாள். மூச்சு விட முடியவில்லை என்ற இடத்தில் வரி தப்பியது. மறுபடி படித்தாள். கம்பவுண்டரைத் திருப்பி அனுப்பிய இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"நிறுத்து."

"இன்னும் இருக்குப்பா."

"நிறுத்துன்னு சொல்றேன்ல? எனக்கு எதுக்குப் படிச்சுக் காட்டற? எனக்குத் தெரியாதா?"

தேவிப்ரியா தாளிலிருந்து நிமிர்ந்தாள்.

"இன்னா தெரியும்?"

சகாதேவன் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு பேசினார். "கம்பவுண்டரு வந்தது, திரும்பிப் போனது எல்லாம்தான். அன்னிக்கு வண்டி ஓட்டிகினு வந்ததே எங்க பெரியப்பன். ஊசி ஒண்ணு போட்டிருந்தா பொழைச்சிருக்கும்னு எங்க வீட்டுல நான் சின்னப் புள்ளையா இருக்கசொல்லவே பேசிக்குவாங்க. கதவைச் சாத்திகினு பேசிக்குவாங்க."

"அப்புறம் ஏன் யாரும் வெளிய சொல்லலை?"

"அடுத்த மாசிலதான் நிலம் குடுத்தாரு. நம்ம தெருவுல பன்னெண்டு குடும்பத்துக்கு. அந்தப் புள்ளையோட அப்பனுக்கும் சேத்து. பண்ணையாளா குனிஞ்சிகினு இருந்தவன் பட்டா வாங்கினான். இன்னான்னு போய்ச் சொல்றது? யாராண்ட சொல்றது?"

"அப்ப நிலத்துக்காக—"

"ஆமா, நிலத்துக்காகத்தான்!" சகாதேவன் திரும்பினார். அவர் குரல் உடைந்து பெரிதாக வந்தது. "நீ இன்னா ஆகாசத்துலேருந்து குதிச்சியா? அந்த ரெண்டு ஏக்கர்ல வேர்க்கடலை போட்டுத்தாண்டி உனக்குப் பீஸ் கட்டினேன். மீதிக்கு ஐயா பேர்ல உதவித்தொகை வந்துது. நீ நிக்கறது அதும் மேலதான். இப்ப படிச்சிட்டேன்னு வந்து எங்களை நியாயம் கேக்கறியா? அந்தப் பொண்ணு செத்துப்போச்சு. அது தங்கச்சி செத்துப்போச்சு. அவரும் போயிட்டாரு. யாருக்கு இன்னா ஆவப் போவுது?"

இதுவரை அவளுக்குக் கோபம் ஐயாமேல் இருந்தது, செயலாளர்மேல் இருந்தது. இரண்டும் தூரத்து ஆட்கள். திட்டுவது சுலபம். இப்போது அந்தக் கோபத்துக்கு முகம் கிடைத்தது. அது அப்பா முகமாக இருந்தது, கண்ணாடியில் பார்த்தால் தன் முகமாகவும் இருக்கும். தெருவே சேர்ந்து அந்தக் கிழவி காலில் விழுந்ததே, அது பக்தி இல்லை. வாயைத் திறந்துவிடாதே தாயே என்ற வேண்டுதல்.

"ஊமச்சின்னு நான் கத்தியிருக்கேம்பா" என்றாள். "அப்ப நீ என்னை ஒரு அறை விட்டிருக்கலாம். விடலை. அவ ஊமை இல்லைன்னு உனக்குத் தெரியும்."

சகாதேவன் கையின் பிசுபிசுப்பைத் துண்டில் துடைத்தார்.

"யாருக்கு என்ன ஆகப் போவுதுன்னு கேட்டியே. எட்டுத் தாள் எழுதியிருக்காப்பா. ஒவ்வொண்ணும் கெஞ்சிக் கெஞ்சி. இந்த உலகத்துல அவ சொன்னது அது மட்டும்தான் இருக்கு. அதை இன்னைக்கு மைதா பசை போட்டு மூடப் போறாங்க. ரெண்டாம் தடவை வாயை அடைக்கிறாங்க. இந்தத் தடவை அடைக்கிறது யாரு? நீ. நான்."

"வேலை போயிடும்."

"போகும்."

"நிலத்துக்கும் எதுனா பண்ணுவானுங்க."

"பட்டா நம்ம பேர்ல இருக்கு. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் பயத்தை முதல்ல விடு. எழுபது வருஷம் ஆச்சு."

சொல்லிவிட்டுத் திரும்பியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கூடத்தில் பேச்சுச் சத்தம் இல்லை. தூரிகை அட்டையில் இழுபடும் சரக் சரக் என்ற ஓசை மட்டும் கேட்டது.

---

ஓடினாள். சரவணகுமார் மூன்று தாளை ஒட்டிவிட்டு நாலாவதற்குக் குனிந்திருந்தான். கோதண்டராமன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒட்டிய மூன்றும் தற்செயலாக எடுத்தவை அல்ல. ராஜம்மாள் எழுதின எட்டிலிருந்து பொறுக்கி எடுத்தவை. வாய்ப்பாடு எழுதின தாளெல்லாம் ஓரமாக அப்படியே கிடந்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு ஒட்டி?"

"முதல் தாள் ஒரு பத்து நிமிஷம் ஆயிருக்கும். சார்தான் மேடம் சொன்னாரு. நான் கூலிக்கு—"

அவள் முழுதாகக் கேட்கவில்லை. தாள்களைத் துடைக்க வைத்திருந்த துணியைத் தண்ணீர் வாளியில் முக்கி, கடைசியாக ஒட்டிய அட்டையின்மேல் போட்டு, தாளின் மூலையை நகத்தால் நெம்பினாள்.

"ஏய்! என்ன பண்றே?" கோதண்டராமன் நாற்காலி விழ எழுந்தார். "ஐயா கையெழுத்து! விடு! கிழிஞ்சா என்னம்மா ஆறது!"

"கிழிஞ்சா ரெண்டு பக்கமும் சேந்துதான் சார் கிழியும். என் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க."

அவர் கை அந்தரத்தில் நின்றது. இழுத்தால் தாள் போய்விடும். தாள் போனால் அமைச்சருக்கு என்ன காட்டுவார்? உள்ளே வந்திருந்த கிரிவலக்காரர்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே கிட்டே வந்தார்.

தாள் மூலை மட்டும் வந்தது. அதற்கு மேல் வர மறுத்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் நடுவில் கிழியும் என்று தெரிந்தது.

சரவணகுமார் பல்லைக் கடித்தான். "ஐயோ, இப்படியா பிய்ப்பாங்க? எனக்கு எதுக்கு வம்பு... ஆனா வேலையைக் கெடுக்கறதைக் கண்ணால பாத்துகினு நிக்க முடியலை மேடம். தள்ளு." இடுப்பிலிருந்து மெல்லிய தகடு ஒன்றை உருவினான். "நடுவுல தூக்கக் கூடாது. ஓரத்துல விட்டு, தாளுக்கும் அட்டைக்கும் நடுவுல தண்ணிய ஓட விடணும். ஊத்து. மெதுவா. மெதுவாங்கறேன்."

"சரவணகுமார்! உனக்குக் காசு குடுக்கறது நான்!"

"ஒட்டறதுக்குக் குடுத்தீங்க சார். அது ஒட்டிட்டேன். இது வேற வேலை."

முதல் தாள் பிரிந்து வந்தது, ஈரத் துணி மாதிரி துவண்டு. விழாவுக்குத் தோரணம் கட்ட இழுத்திருந்த கயிறு சுவரோரமாக இருந்தது. துணிக்குப் போடும் கிளிப்பால் அதில் மாட்டினாள். பென்சில் பக்கம் வெளியே பார்த்தபடி. ரெண்டாவது வந்தது. மூன்றாவதில் மேல் ஓரம் ஒரு விரல் நீளம் கிழிந்தது. ஆவணத்தைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லித் தந்ததெல்லாம் கல்லூரியோடு போயிற்று. முன்பக்கத்தில் ஐயாவின் மை மூன்று தாளிலும் நீலமாகக் கசிந்திருந்தது. பின்பக்கத்தில் அவர் எழுதிய பதில்களும் கரைந்து மேகம் மாதிரி ஆகிவிட்டன. பென்சில் அப்படியே இருந்தது.

பதில் கரையாமல் முழுசாக இருந்தவை ஐந்து தாள். பதினோராம் தாளும் அதில் ஒன்று. அவற்றையும் மாட்டினாள். எட்டும் வரிசையாகத் தொங்கின.

கோதண்டராமன் போனை எடுத்தார். "போலீசைக் கூப்பிடறேன். அறக்கட்டளைச் சொத்தை நாசம் பண்ணிட்டே. நாளையிலேர்ந்து இல்லை, இந்த நிமிஷத்துலேர்ந்து உனக்கு இங்க வேலை கிடையாது."

"கூப்பிடுங்க சார். நான் ஒண்ணும் வெளிய எடுத்துட்டுப் போகலை. ஐயா எழுதினது ஐயா கூடத்துலதான் காயுது."

"எல்லாரும் வெளிய போங்க, பார்வை நேரம் முடிஞ்சுது! அது ஒண்ணும் இல்லைங்க, பிள்ளைங்க எழுதின வீட்டுப்பாடம்."

தண்ணீர் பாட்டில் அம்மாள் முதல் தாளுக்கு நேராக நின்றிருந்தார். நகரவில்லை. செங்கம் பக்கத்துப் பேச்சு. "வீட்டுப்பாடமா சார்? ‘அம்மா வந்தால் அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசலாமா’ன்னு இருக்கே. இது எந்தப் பள்ளிக்கூடத்துப் பாடம்?" பிறகு தேவிப்ரியாவிடம் திரும்பி, "யாரும்மா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"பேரு ராஜம்மாள். இங்கதான் இருந்தாங்க."

"பேசாத அம்மா, அவங்களா?" பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். "அவங்க விரதம் இருந்தவங்களாச்சே. நான் கால்ல விழுந்திருக்கேன்." அவர் படிக்க ஆரம்பித்தார். உதடு அசைய, சத்தம் வராமல்.

வாசலில் சகாதேவன் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கோதண்டராமன் அவரைப் பார்த்ததும் முகம் தெளிந்தார்.

"வாய்யா சகாதேவா. நல்ல நேரத்துல வந்தே. உன் பொண்ணு என்னை மதிக்க மாட்டேங்குது. நான் தொட்டா கத்தும். நீ பெத்தவன். அந்தத் தாளையெல்லாம் பதமா கழட்டி என் கையில குடு. நடந்ததை மறந்துடறேன். நாளைக்கு உத்தரவும் கையில வரும். நான் வாக்கு குடுக்கறேன்."

சகாதேவன் ஐயா படத்தைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கை கன்னத்துக்குப் போகப் பார்த்து, பாதியில் இறங்கிற்று. கயிற்றுக்குக் கிட்டே போனார். தேவிப்ரியா குறுக்கே போகவில்லை. போக வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் இதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பட்டது. தன் கையை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

ஈரத் தாளுக்கு நேராகக் கையைத் தூக்கினார். விரல் தாளுக்கு ஒரு அங்குலத்தில் நின்றது.

"பிரியா" என்றார், திரும்பாமல். "இதுல எது அவரு எழுதினது? எது அந்தப் பொண்ணு எழுதினது?"

"நீலமா கலங்கியிருக்கறது அவருதுப்பா. கறுப்பா இருக்கறது அது எழுதினது."

சகாதேவன் குனிந்து கறுப்பு எழுத்தைப் பார்த்தார். பேருந்துப் பலகையைப் படிக்கிற மாதிரி, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எழுத்தாக. "பூ... ங்... கா..." என்றவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என்னய்யா பாத்துகிட்டு நிக்கறே? கழட்டு" என்றார் கோதண்டராமன்.

"காயட்டும் சார்" என்றார் சகாதேவன். "ஈரத்துல தொட்டா கிழிஞ்சிடும்."

"சகாதேவா!"

"காயட்டும்."

அவர் அங்கேயே, கயிற்றுக்கும் செயலாளருக்கும் நடுவில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவளும் அவர்கிட்டே போகவில்லை. பேச வேண்டியது இருவருக்கும் நிறைய இருந்தது, எதுவும் நல்ல பேச்சாக இருக்கப் போவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு குடும்பம் உள்ளே வந்துகொண்டிருந்தது. கூட்டம் எதற்கு என்று கேட்டார்கள். செங்கத்து அம்மாள் ஒதுங்கி இடம் விட்டு, "இங்கேருந்து ஆரம்பிங்க, இதுதான் முதல் தாள்" என்று கையைக் காட்டினார்.